ஒரு தீப்பெட்டி அளவு கடன்

பழனி மலையின் மேல்மலைப் பகுதியில் மளிகைக்கடை வைத்திருக்கும் 46 வயதுக்காரர் ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு இது. ஆவணியில் தொடங்கிப் பங்குனி வரை ஆலோசகராக அவரோடு வேலை செய்தேன். எழுதிக்கொள்ளச் சம்மதம் தந்திருக்கிறார். ஊர்ப் பெயரையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களையும் விட்டுவிட்டேன். பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் நடுவே எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வந்தபோது

மனக்கவலை என்று சொல்லிக்கொண்டு அவர் வரவில்லை. சர்க்கரை நோய் தெரிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்வார். தினமும் நடக்கச் சொன்னதுதான் நடக்கவில்லை. "கொஞ்சம் பேசிப் பாருங்க" என்று அவருடைய மருத்துவரே கொடைக்கானலில் இருக்கும் என் அறைக்கு அனுப்பினார். சரக்கு எடுக்க வரும் நாட்களில், ஊருக்கு பஸ் ஏறுவதற்கு முன்னால் முக்கால் மணி நேரம் உட்காருவார்.

முதல் நாளே விஷயத்தைச் சொல்லிவிட்டார். "மேடம், ஊருக்குச் சொன்ன சொல்ல நான் ஒருநாளும் தவறினதில்ல. யார வேணா கேட்டுப் பாருங்க. எனக்கு நானே சொல்லிக்கிட்டதுதான் ஒண்ணுகூட நிக்க மாட்டேங்குது."

அது உண்மை என்று பிறகு நேரிலேயே பார்த்தேன். மேல்மலையில் பூண்டு வடுகபட்டிச் சந்தைக்குப் போய்ப் பணமாகத் திரும்பும்வரை பல வீடுகளில் அடுப்பு எரிவது கடைக்கடனில்தான். அந்தக் கடனைத் தாங்குகிற கடை இவருடையது. மொத்த வியாபாரிக்குச் செவ்வாய் என்று சொன்னால் செவ்வாய்க்கிழமை பணம் போய்ச் சேர்ந்துவிடும். ஊரில் நாணயஸ்தர் என்று பெயர்.

தனக்குச் சொல்லிக்கொண்டவை மூன்று. தினம் நடப்பது ஒன்று. டீயில் சீனியை விடுவது இன்னொன்று; கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு நாளில் எத்தனை டீ வருகிறது என்று எண்ணவே முடியாது. மூன்றாவதை அவர் சும்மா போகிற போக்கில் சொன்னார். கோயிலுக்கு மேலே சரிவில் அவருடைய அப்பா வைத்த 11 பேரி மரங்கள் இருக்கின்றன. அப்பா போய் 4 வருடம். அதற்குப் பிறகு கவாத்தே பண்ணவில்லை. கிளைகள் நெட்டுக்கு மேலே கிளம்பி, உள்ளே வெளிச்சம் புகாமல், காய் சிறுத்துப்போனது. ஒவ்வொரு மார்கழியிலும் 'இந்த வருசம் பண்ணிடணும்' என்று நினைப்பார். அதைச் சொல்லும்போது குரல் இறங்கியது. குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். ஆனால் அன்று அதை மேலும் கேட்காமல் விட்டுவிட்டேன்.

பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்பார்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் வாங்கும் அன்று இவருக்கு வந்ததும் அந்த வகைதான். அன்று இரவு நிஜமாகவே நடப்பதாகத்தான் முடிவு செய்வார். ஆடிப் பதினெட்டு, தை ஒன்று, சித்திரை ஒன்று என்று நல்ல நாளாகப் பார்த்துத் தொடங்குவார். ஒரு தடவை 9 நாள் வரை போயிருக்கிறது. அதுதான் அதிகம். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் தன்னைத் தானே திட்டிக்கொள்வார்: "நானெல்லாம் ஒரு மனுசனா." அந்த வார்த்தையை முதல் நாளிலேயே மூன்று தடவை கேட்டேன்.

நான் போட்ட முதல் திட்டம்

அது தவறான திட்டம். மூன்று உறுதியையும் ஒரே தாளில் எழுதி, மாலை 6 மணிக்கு அரை மணி நேர நடை என்று போட்டு, கையெழுத்து வாங்கினேன். ஆறாம் நாள் நின்றுபோனது.

மாலை 6 மணி என்பது அந்த ஊரில் என்ன நேரம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். தோட்ட வேலை முடிந்து ஆட்கள் கடைக்கு வருவது அப்போதுதான். மஞ்சு இறங்கி எதிரில் வருகிற ஆள் தெரியாமல் போவதும் அப்போதுதான். காட்டுமாடு ரோட்டுக்கு வருவதும் அந்தி நேரத்தில். இந்த மூன்றையும் மீறி ஒருவர் நடக்கவில்லை என்றால் அதற்கு மனவுறுதிக் குறைவு என்று பெயர் வைக்கலாமா? கொடைக்கானலிலேயே குடியிருந்துகொண்டு இதை நான் யோசிக்காமல் விட்டது இன்றும் உறுத்துகிறது.

அடுத்து அபராதம் வைத்தோம். அவருடைய யோசனைதான், நானும் தலையாட்டினேன். ஒரு நாள் தவறினால் கோயில் உண்டியலில் 50 ரூபாய். இரண்டு வாரம் கழித்து வந்து, "இந்த வாரம் கடைல கூட்டம் ஜாஸ்தி மேடம். நாலு நாளுக்கு 200 ரூபா முன்கூட்டியே போட்டுட்டேன்" என்றார். முகத்தில் ஒரு நிம்மதி. கணக்கைத் தீர்த்துவிட்ட நிம்மதி.

இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 குழந்தைகள் காப்பகங்களில் யூரி நீஸியும் ஆல்டோ ருஸ்டிகினியும் செய்து 2000இல் வெளியிட்ட ஆய்வு அப்போது நினைவுக்கு வந்தது. பிள்ளையைக் கூப்பிட்டுப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டார்கள். தாமதம் கூடியது. காசைக் கட்டினால் தாமதமாக வரலாம் என்று ஆகிவிட்டது. பிறகு அபராதத்தை எடுத்த பின்னும் தாமதம் குறையவில்லை. இவருக்கும் அதே கதைதான். 50 ரூபாய் கொடுத்து நடக்காமலிருக்கும் உரிமையை வாங்கிக்கொண்டிருந்தார். அபராதத்தை அன்றே நிறுத்தினோம்.

பற்று நோட்டு

ஐப்பசியில் ஒரு நாள் நானே அவருடைய கடைக்குப் போனேன். அறையில் உட்கார்ந்து பேசிய எல்லாவற்றையும்விட அந்த ஒரு மணி நேரம் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணியில் சணலில் கட்டித் தொங்கும் நீள நோட்டு. வீட்டுக்கு ஒரு பக்கம். பென்சிலால்தான் எழுதுவார். பணம் வந்ததும் அந்த வரியின் மேல் ஒரே கோடு. அழிப்பதில்லை, கிழிப்பதில்லை. கோடு போட்ட வரிகள் அடியில் அப்படியே படிக்கும்படி இருக்கும். சில பக்கங்களில் ஓரம் கறுத்து எண்ணெய் ஏறியிருந்தது. எத்தனையோ வருடமாக ஒரு குடும்பம் கொடுத்து வாங்கி, கொடுத்து வாங்கி வந்த தடம் அது.

நான் இருந்தபோதே, தோட்ட வேலைக்குப் புதிதாக வந்திருந்த ஒரு கணவனும் மனைவியும் வந்து அரிசி மூட்டை கடனுக்குக் கேட்டார்கள். இவர் முகம் சுளிக்கவில்லை. "இப்ப ரெண்டு கிலோ வாங்கிட்டுப் போங்க. சனிக்கிழமை கூலி வந்ததும் குடுங்க. அப்புறம் பாப்போம்" என்றார். அவர்கள் போன பிறகு கேட்டேன்.

"ஏன் அண்ணே, மூட்டையாவே குடுத்தா என்ன?"

"ஆளு எப்படின்னு தெரியாதுல்ல மேடம். மொதல்ல சின்னதாக் குடுத்துப் பாக்கணும். அதத் திருப்பினா கூடக் கொஞ்சம். அப்படியே ஏத்தணும். எடுத்ததும் மூட்டையத் தூக்கிக் குடுத்தா, அவங்களாலயும் கட்ட முடியாது, நம்ம கடைக்கு வரவும் கூச்சப்படுவாங்க."

"சரி. ரெண்டு வருசமா சொன்ன சொல்லத் திருப்பித் தராத ஆளு ஒருத்தர் இருக்காரு. அவருக்கு எவ்வளவு குடுப்பீங்க?"

யாரைச் சொல்கிறேன் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. எழுந்து, பின்னால் தட்டில் இருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார். "இவ்வளவுதான் குடுக்கலாம்" என்றார். அவர் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

இந்த நிகழ்வில் நான் புரிந்துகொண்டது அங்கேதான் இருக்கிறது. அவருக்கு ஒழுக்கம் இல்லை என்று சொல்ல முடியாது. ஊரில் அவரைவிட ஒழுங்கான ஆளைத் தேட வேண்டும். தன் விஷயத்தில் மட்டும் கடனை அவர் நோட்டில் எழுதுவதில்லை. அளவு பார்ப்பதில்லை. தவணை சொல்வதில்லை. எடுத்த எடுப்பில் மூட்டை மூட்டையாகத் தனக்குத் தானே வாக்குக் கொடுத்து, ஒரு தவணை தவறியதும் பக்கத்தையே கிழித்துவிடுகிறார். தொடர்ந்து திருப்பாத ஆளின் சொல்லை ஊர் நம்பாது. அதேபோல அவருடைய சொல்லை அவரே நம்பாமல் போயிருந்தார். மருத்துவரிடம் "நடக்கிறேன் சார்" என்று சொல்லும்போதே உள்ளுக்குள் அது நடக்காது என்று தெரிந்திருந்தது.

ஆகவே அதே நோட்டில் அவர் பெயருக்கு ஒரு பக்கம் திறந்தோம். தீப்பெட்டி அளவு கடன் எது என்று இருவரும் யோசித்தோம். மத்தியானம் சாப்பிட்டதும், கடையிலிருந்து கோயில் வாசற்படி வரை போய்த் தொட்டுவிட்டுத் திரும்புவது. 8 நிமிடம். அந்த நேரத்தில் கடையில் ஆள் இருக்காது, காட்டுமாடு இருக்காது, மஞ்சும் பெரும்பாலும் இருக்காது.

'மத்தியானம் நடப்பேன்' என்று எழுத விடவில்லை. 'சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும் செருப்பை மாட்டுவேன்' என்று எழுதவைத்தேன். இது நடந்தால் இதைச் செய்வேன் என்று நேரத்தையும் இடத்தையும் முன்கூட்டியே கட்டிவைத்தால், நினைத்ததைச் செய்வது கூடுகிறது என்பதை பீட்டர் கோல்விட்சர் 1999இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியிருக்கிறார். தட்டு கவிழும் சத்தமே இவருக்கு மணி அடித்த மாதிரி ஆனது. யோசிக்க இடமில்லை, யோசிக்கிற இடத்தில்தான் அவர் எப்போதும் தோற்றுக்கொண்டிருந்தார்.

எழுதும் முறையும் கடைக்கணக்கு மாதிரிதான். காலையில் கடை திறந்ததும் தேதி போட்டு 'கோயில்' என்று பற்று எழுதுவார். போய்வந்ததும் கோடு போடுவார். எத்தனை நிமிடம், எத்தனை அடி, எடை எவ்வளவு என்று எதுவும் கிடையாது. நான்காம் நாளே போன் செய்தார்: "மேடம், இது ரொம்பக் கம்மியா இருக்கு, மேல தோட்டம் வரைக்கும் போகட்டா?" வேண்டாம் என்றேன். மூன்று வாரத்துக்கு ஏற்றக் கூடாது. இரண்டு கிலோ அரிசியைத் திருப்புவதற்கு முன் யாரும் மூட்டை கேட்க முடியாது இல்லையா? அவருக்கு அது சட்டென்று புரிந்தது. அவருடைய சொந்தச் சட்டம்தானே.

மழை

கார்த்திகையில் நான்கு நாள் விடாத மழை. ரோட்டில் மரம் விழுந்து பஸ் வரவில்லை, கரண்ட் இல்லை. நோட்டில் நான்கு வரி கோடு படாமல் நின்றது. ஐந்தாம் நாள் போனில் பழைய குரல் கேட்டது. "நாலு நாள் போச்சு மேடம். இனி தை ஒண்ணுலருந்து பாத்துக்கலாம்."

"ஒரு வீட்டுல நாலு வாரம் பணம் வரலன்னா பக்கத்தக் கிழிச்சிருவீங்களா?"

"அதெப்படிக் கிழிக்கிறது? பாக்கி இருக்கே."

அன்று அவரிடம் நம் ஊர் அப்சர்வேட்டரியைப் பற்றிச் சொன்னேன். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் அமைக்கப்பட்டது. 1901இல் வேலை தொடங்கியது. 1904லிருந்து ஒரு 6 அங்குலத் தொலைநோக்கியில் தினமும் சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். நூறு வருடத்துக்கு மேல். உலகத்திலேயே சூரியனைப் பற்றி இத்தனை நீளமாகப் படம் சேர்த்த இடங்கள் மிகக் குறைவு. ஆனால் நம் மலையில் வானம் எத்தனை நாள் மூடிக்கிடக்கும் என்று அவருக்குத் தெரியாதா? மூடிய நாளுக்குப் படம் இல்லை. திறந்த நாளில் மறுபடி எடுத்தார்கள். வரிசையில் ஓட்டைகள் இருக்கின்றன, வரிசையும் இருக்கிறது. அதில்தான் ஆராய்ச்சிக்காரர்கள் வேலை செய்கிறார்கள்.

போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "அப்ப மழைன்னு எழுதி வச்சுக்கலாமா?" என்றார். எழுதச் சொன்னேன். அன்று மத்தியானமே போய்வந்தார்.

ஒரு நாள் விட்டால் எல்லாம் போயிற்று என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. லண்டனில் பிலிப்பா லாலியும் கூட இருந்தவர்களும் 96 பேரை 12 வாரம் தொடர்ந்து பார்த்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக ஊறுவதற்கு நடுத்தரமாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் கணக்கு 18 நாளிலிருந்து 254 நாள் வரை விரிந்தது. நடுவில் ஒரு நாள் தவறியது அந்த ஊறலைப் பெரிதாகக் கெடுக்கவில்லை. '21 நாளில் பழக்கம்' என்று ஊரெல்லாம் சொல்லும் கணக்கை அதனால்தான் நான் யாரிடமும் சொல்வதில்லை. 22ஆம் நாளும் கஷ்டமாக இருந்தால் தன்னிடம்தான் குறை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

திட்டிக்கொள்வதைப் பற்றியும் பேசினோம். கனடாவில் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் வோல் குழுவினர் 2010இல் காட்டியது இது: முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்ட மாணவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். இதை இவருக்குச் சொல்லி விளக்கத் தேவைப்படவில்லை. தவணை தவறிய வீட்டாரைக் கடை வாசலில் வைத்துத் திட்டினால் அவர்கள் அடுத்த வாரம் வேறு தெரு சுற்றிப் போவார்கள் என்பது அவர் அறிந்ததுதான்.

மாலை

மார்கழி பிறந்ததும் தைப்பூசத்துக்கு மாலை போட்டார். இருபது வருடமாகப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர். 48 நாள் விடியற்காலை குளிர்ந்த தண்ணீரில் தலைக்குளியல், கறி இல்லை, செருப்பு இல்லை, தரையில் படுக்கை. மேல்மலை மார்கழியில், புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்திருக்கும் காலையில், இதை ஒருநாளும் தவறவிட்டதில்லை. இப்படிப்பட்ட ஒருவருக்கு மனவுறுதி இல்லை என்று யார் சொல்ல முடியும்?

அவரும் இதைப் பற்றிக் குழம்பிப்போயிருந்தார். "சாமிக்குன்னா முடியுது. எனக்குன்னா முடியல. அப்ப நான் எனக்கு ஒண்ணுமே இல்லையா மேடம்?" என்று கேட்டார். எட்டு மாதத்தில் அவர் கேட்ட கேள்விகளில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான்.

பக்தியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் விரதத்தைக் கட்டியிருக்கிற விதத்தையும் பார்க்க வேண்டும். அதற்குத் தொடக்க நாள் உண்டு, முடியும் நாள் உண்டு. கழுத்தில் மாலை, இடுப்பில் பச்சை வேட்டி. கண்ணாடி பார்க்காமலே நினைவிருக்கும். ஊரே 'சாமி' என்று கூப்பிடும், அந்தப் பெயரே ஆளைப் பிடித்து நிறுத்தும். வீட்டில் தனிப் பாத்திரம் வைத்துவிடுவார்கள். கூட மாலை போட்டவர்கள் காலையில் கதவைத் தட்டுவார்கள். எது செய்யலாம், எது கூடாது என்று அவர் தினமும் முடிவெடுக்க வேண்டியதே இல்லை; எப்போதோ யாரோ எடுத்து வைத்துவிட்டார்கள். 'நாளையிலிருந்து நடப்பேன்' என்று படுக்கையில் சொல்லிக்கொள்கிற சொல்லுக்கு இதில் எது இருக்கிறது? நமக்கு நாமே தரும் வாக்கு பெரும்பாலும் அநாதை. சாட்சி இல்லை, நாள் இல்லை, அடையாளம் இல்லை. அதனால்தான் சாகிறது. அவர் தனக்கு ஒன்றுமில்லை என்பதால் அல்ல. இதை அவரிடம் அப்படியே சொன்னேன். தலையை அசைத்துக் கேட்டுக்கொண்டார்.

மாலைக் காலத்தில் கோயில் நடை வெறுங்காலில் ஒருநாளும் நிற்கவில்லை. எனக்குப் பயம் மாலை கழற்றிய பிறகுதான். பயந்தபடியே தைப்பூசம் முடிந்து ஆறு நாள் கோடு இல்லை. நான் கூப்பிடவில்லை, வேண்டுமென்றேதான். ஏழாம் நாள் அவராகவே போயிருக்கிறார். பிறகு நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். முதல் மூன்று நாளுக்கு 'கால் புண்' என்று இருந்தது. அடுத்த மூன்று வரியில் எதுவும் இல்லை.

"இதுக்கு?"

"அது சும்மாதான் போகல தங்கச்சி. காரணம் ஒண்ணுமில்ல. கணக்குல பொய் எழுதக் கூடாதுல்ல."

என்னை 'மேடம்' என்று சொல்லாமல் பேசியது அன்றுதான் முதல் தடவை. அந்த மூன்று வெறும் வரிகளை இந்த நிகழ்வின் மிக நல்ல செய்தியாக எடுத்துக்கொள்கிறேன். இதற்கு முன் ஒவ்வொரு முறையும் தொடங்க ஒரு நல்ல நாள் தேவைப்பட்டது. இந்தத் தடவை அவர் தொடங்கிய நாள் பஞ்சாங்கத்தில் ஒன்றுமே இல்லாத ஒரு புதன்கிழமை.

நடக்காதவையும் விட்டுப்போனவையும்

டீயில் சீனி போகவில்லை. இரண்டு முறை முயன்றோம், இரண்டும் நிற்கவில்லை. அவருடைய சர்க்கரை அளவைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. நடுவில் மருத்துவர் மாத்திரையை மாற்றினார், எதனால் எது குறைந்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

அவருடைய மனைவியை நான் கணக்கில் எடுக்காமல் விட்டது பெரிய பிழை. மத்தியானம் அவர் நடக்கப் போகும் நேரம், அந்த அம்மா விடிகாலையிலிருந்து உழைத்துவிட்டுச் சற்றே கண்ணயரும் நேரம். கடையில் உட்கார்ந்து அதை இழந்துகொண்டிருந்தார். மார்கழியில்தான் வாயைத் திறந்தார்: "அவருக்கு நோட்டுல பக்கம் போட்டுட்டீங்க. எனக்கு எங்க இருக்கு பக்கம்?" கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. ஒருவர் தன் சொல்லைக் காப்பாற்றுவதற்கு வீட்டில் இன்னொருவர் வட்டி கட்டிக்கொண்டிருந்தால் அது சரியான கணக்கு ஆகாது. அதன்பிறகு மத்தியானம் அரை மணி நேரம் கடைப் பலகையைச் சாத்திவிடுவது என்று முடிவானது. வியாபாரம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அவருக்கும் ஒரு பக்கம் திறந்தார்கள். அதில் என்ன எழுதுகிறார் என்று நான் கேட்கவில்லை.

கடைசி முறை

பங்குனியில் வந்தபோது நோட்டை மேசையில் விரித்தார். மாசி மாதத்துப் பக்கத்தில் 'கோயில்' வரிகளுக்கு நடுவே நான் சொல்லாத ஒரு வரி இருந்தது: 'தோட்டம் – 2 மரம்'. மேலே ஒரு கோடு. நாலு நாள் கழித்து '1 மரம்'. அப்புறம் மறுபடி இரண்டு தடவை '2 மரம்'. கோயில் வாசற்படியைத் தொட்டவர் ஒரு நாள் திரும்பாமல் மேலே ஏறியிருக்கிறார். அப்பாவின் ரம்பம் துருப்பிடித்திருந்ததாம். இரண்டு நாள் அதைத் தேய்த்துக் கூராக்கியதையும் தேதி போட்டு எழுதியிருந்தார். முதல் கிளையை வெட்டக் கை வரவில்லை என்றார். அப்பா நிற்கிற மாதிரி இருந்தது என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

மொத்தம் 7 மரம் ஆகியிருந்தது. "மிச்ச மரத்துல மொட்டு வந்துருச்சு தங்கச்சி. இனி இந்த வருசம் கத்தி வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, பக்கத்தின் அடியைக் காட்டினார். வீட்டுக்கணக்குகளில் போடுவது போலவே ஒரு கோடு கிழித்து, 'பாக்கி 4 மரம் – மார்கழி' என்று அடுத்த பக்கத்துக்கு ஏற்றியிருந்தார்.